ஆன்டிவைரஸில் ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு அளிப்பது எப்படி?

நிரலைக் கம்பைல் செய்யும் (அதாவது, எழுதிய நிரலை இயங்கக்கூடிய கோப்பாக மாற்றும்) ஒவ்வொரு முறையும் விண்டோஸ் டிஃபெண்டர் புதிய கோப்புகளைச் சோதிப்பதால் வேலை தாமதமாகிறது, அந்தக் கோப்புறையை மட்டும் விலக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதிக்குச் சென்று, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ வழியாக அதைச் சேர்க்கலாம். இதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும்.

அங்கே கோப்பு, கோப்புறை, கோப்பு வகை, புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) என்ற நான்கு தெரிவுகள் இருக்கும். கோப்புறையைத் தேர்ந்தெடுத்தால் அதன் உட்கோப்புறைகளும் சேர்ந்தே விலக்கப்படும். கோப்பு வகையை விலக்கினால் அது கணினி முழுவதற்கும் பொருந்தும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது புராசஸ் விலக்கைத்தான்: அந்த நிரல் திறக்கும் கோப்புகள் நிகழ்நேரச் சோதனையிலிருந்து விடுபடுமே தவிர, நிரலின் சொந்தக் கோப்புக்கு விலக்கு கிடைக்காது, முழுச் சோதனையின்போது அந்தக் கோப்புகளும் வழக்கம்போல ஆராயப்படும்.

கம்பைலர் வெளியீட்டைச் சேமிக்கும் கோப்புறையை மட்டும் விலக்குங்கள். டவுன்லோட்ஸ், டெம்ப் கோப்புறைகளையோ சி டிரைவ் முழுவதையுமோ ஒருபோதும் விலக்காதீர்கள். தீநிரல்கள் பெரும்பாலும் முதலில் வந்து இறங்கும் இடங்கள் அவை. விலக்கு சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே உள்ள, 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற ஐகார் உரையை அந்தக் கோப்புறையிலேயே ஒரு கோப்பாகச் சேமியுங்கள். எச்சரிக்கை வரக்கூடாது, அதையே வேறு கோப்புறைக்கு நகலெடுத்தால் பிடிபட வேண்டும்.

ஏற்கெனவே தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகள் விலக்கு அளித்ததால் தாமாகத் திரும்பிவிடாது. ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ பக்கத்தில் ஒவ்வொன்றாக மீட்டெடுக்க வேண்டும்.