டி.சி. கேட்டு வந்தால்

அன்புள்ள சார்,

பெண் பிள்ளைகளைக் காப்பாற்றப் படிப்பை விட்டால் வேறு வழியில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே போன மே மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது. இன்னொருத்தி பத்தாவதில் கணக்கில் ஃபெயில். திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குப் போய்விட்டாளாம், எந்த மில் என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லை. படிப்பு இவர்களை எங்கே காப்பாற்றியது? இப்போது ஒன்பதாவதில் ஒரு பெண் இரண்டு வாரமாக வரவில்லை. பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறார்கள், நிச்சயம் ஆகிவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். ஊரைப் பகைத்துக்கொண்டு நான் இங்கே வேலை பார்க்க முடியாது. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

ஒன்பதாவது பெண்ணின் விஷயம்தான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இன்றைக்கே கூப்பிடுங்கள், உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்காமல், மாஜிஸ்திரேட்டிடம் இப்போதே தடை உத்தரவு வாங்கச் சொல்லுங்கள். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் பலரும் கவனிக்காத இடம் இது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கல்யாணம் தானாக ரத்தாகிவிடாது, பாதிக்கப்பட்டவளே கோர்ட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அப்பா, மாமா, ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும் எதிர்த்து எந்தப் பெண் போவாள், சொல்லுங்கள். தடை உத்தரவை மீறி நடத்தினால் கதை வேறு, அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு பெண்களும் எப்போது கைவிட்டுப் போனார்கள்? ஒருத்தி மே மாத லீவில், இன்னொருத்தி ஃபெயில் என்று தெரிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு. பெண் பள்ளிக்கூடம் போகாமல் கண் முன்னால் நடமாடும் அந்த வாரங்களில்தான் வீட்டில் பயம் வருகிறது, செல்போனில் யாரோடு பேசுகிறாள், நாளைக்கு யாரோடாவது போய்விட்டால் சாதிசனத்துக்கு முன்னால் தலை நிமிர முடியுமா என்று. புரோக்கரும் சரியாக அப்போதுதான் வருவார். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு ஆச்சு என்று சொல்லித்தான் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு நூற்பாலைகள் பலவற்றுக்குப் பெண்களைக் கொண்டுபோனார்கள். மாதச் சம்பளத்தில் பிடித்துவைத்த காசையே கடைசியில் ஏதோ பரிசு மாதிரி நீட்டுவது, நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட்டால் அதையும் தராமல் விடுவது, வெளியே போகவும் போன் பேசவும் தடை. பெயர் நாறிப்போனதும் சிலர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அதனால் படிப்பு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, நீங்கள் கேட்டது நியாயம்தான். தினமும் அட்டெண்டன்ஸ் எடுத்து, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒருவர் வீடு தேடிப் போய்க் கேட்கிற பள்ளிக்கூடம்தான் காப்பாற்றும். பணம் மட்டும் போதாது என்பதற்கு மேற்கு வங்கத்தைப் பாருங்கள். 18 வயதுவரை கல்யாணம் ஆகாமல் படித்தால் 25,000 ரூபாய் என்று 2013-லேயே கன்யாஸ்ரீ திட்டம் கொண்டுவந்தார்கள், ஐ.நா. விருதுகூட வாங்கினார்கள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் அங்கே 20-24 வயதுப் பெண்களில் 41.6 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். நம் தமிழ்நாட்டில் 12.8. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எட்டுப் பேரில் ஒருத்தி.

நம் புதுமைப் பெண் திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். தாலிக்குத் தங்கம் போச்சே என்று பலர் புலம்பினார்கள், ஆனால் கல்யாணத்துக்குக் கொடுத்த காசை 2022-ல் கல்லூரிக்கு மாற்றியது நல்ல காரியம். என்ன, மாதாமாதம் தரும் அந்த ஆயிரம் ரூபாய் பள்ளி முடித்துக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தவளுக்குத்தான். உங்கள் ஒன்பதாவது பெண் அதுவரை பள்ளியில் தாக்குப்பிடிக்க வேண்டுமே.

நீங்கள் ஊரைப் பகைக்கவே வேண்டாம். ஜூன் மாதம் அப்பா வந்து டி.சி. கேட்டால் எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள், பிறகு அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில், ஒரு பள்ளியை விட்டவர்கள் அடுத்த பள்ளி சேர்க்கும்வரை இருக்கும் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போன பெயரை வேறு எந்தப் பள்ளியும் எடுக்காமல் மாதக்கணக்கில் கிடந்தால், பிள்ளை எங்கேயும் சேரவில்லை என்று அர்த்தம். ஹெச்.எம். மூலமாக எழுத்தில் மேலே அனுப்புங்கள். அது உங்கள் வேலையின் பகுதி, யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் அந்த மில் பெண். அவள் அம்மாவிடம் மில் பெயர் இல்லாவிட்டாலும் புரோக்கரின் போன் நம்பர் இருக்கும். அதை வாங்கி 1098-ல் கொடுங்கள். அடுத்த துணைத்தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்றும் விசாரித்துவையுங்கள், கணக்கு ஒன்றுதானே பாக்கி.