கிரெடிட், அட்டெண்டன்ஸ், ஃபீஸ்: பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்கெல்லாம் எப்படி?

கேள்வி: முதலாம் ஆண்டு சேரப் போகிறேன். 3 கிரெடிட், 4 கிரெடிட் என்கிறார்கள், 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும் என்கிறார்கள், ஃபீஸ் சீட்டில் ஏழெட்டு வரி இருக்கிறது. புரியும்படி யாராவது சொல்லுங்களேன்.

பதில்:

முதலில் கிரெடிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம், உழைப்பு என்பதற்கான அளவு அது. வகுப்பு, வருகை, கட்டணம் மூன்றும் அதில்தான் வந்து நிற்கும்.

சிலபஸில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 3-0-2-4 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். வாரத்துக்கு விரிவுரை 3 மணி, டுட்டோரியல் இல்லை, லேப் 2 மணி, மொத்தம் 4 கிரெடிட். லேபில் இரண்டு மணி நின்றால்தான் ஒரு கிரெடிட். இந்த ஓரவஞ்சனை ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இது இந்திய முறை. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி சொந்தப் படிப்பு, சுமார் 15 வாரம். ஐரோப்பாவில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி. அதனால் ஊருக்கு ஊர் எண்ணை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

இனி அட்டெண்டன்ஸ். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 3 கிரெடிட் பாடத்துக்கு செமஸ்டரில் 45 வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 34 வகுப்புக்குப் போயாக வேண்டும். விடலாம் என்றால் 11. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் கணக்கு நாளில் இல்லை, மணியில். இரண்டு மணி லேபை ஒரு நாள் விட்டால் பல இடங்களில் இரண்டு ஆப்சென்ட். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பாடத்துக்கு மூன்று நான்கு போய்விடும்.

அப்புறம், விட்டதை ஈடுகட்டுவது விடுவதைப் போல எளிதல்ல. இதுவரை 20 வகுப்பு நடந்து, நீங்கள் 12-க்குத்தான் போயிருக்கிறீர்கள் என்றால் 60 சதவீதம். 75-ஐத் தொட இன்னும் எத்தனை வகுப்பு? மூன்றோ நான்கோ அல்ல, தொடர்ச்சியாக 12. நீங்கள் போகப் போக நடந்த வகுப்பின் எண்ணிக்கையும் கூடவே ஏறுகிறதே! 75 சதவீத விதியில் ஓர் ஆப்சென்டை மூன்று பிரசென்ட்தான் சரிக்கட்டும். செமஸ்டர் பாதியிலேயே கல்லூரி இணையதளத்தில் (போர்ட்டல்) உங்கள் வருகைக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். கடைசி மூன்று வாரத்தில் பார்த்தால் போவதற்கு வகுப்பே மிச்சமிருக்காது.

உங்கள் கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சதவீதம் பாடவாரியாகவா, மொத்தமாகவா? தாமதமாகச் சேர்ந்தால் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்களா, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தா? மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் விலக்கு உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம் வரை? சான்றிதழ் கொடுத்தால் பிரசென்ட் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அப்படி இல்லை; குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விடுவார்கள், அவ்வளவுதான். அதற்கும் தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. போட்டி, கருத்தரங்கு என்று வெளியே போவதாக இருந்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி அனுமதியோடு வெளியே போகிறீர்கள் என்ற) கடிதத்தில் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள்.

ஃபீஸ் இரண்டு விதம். செமஸ்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குவது ஒன்று, எடுக்கும் கிரெடிட்டுக்கு ஏற்ப வாங்குவது மற்றொன்று. இரண்டாவதில் பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அது தாண்டினால் வகுப்புக்கே போகாவிட்டாலும் அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். சீட்டில் காஷன் டெபாசிட் என்ற வரி இருந்தால் அது திரும்ப வர வேண்டிய பணம், ரசீதை பத்திரமாக வையுங்கள். தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் இந்தச் சீட்டில் இருக்காது, தேர்வு நெருங்கும்போது தனியாக வரும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து விலகினால்? பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு பிடித்தம் போக முழுப் பணமும் வரும். அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், அது முடிந்த 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதையும் தாண்டினால் ஒன்றும் இல்லை. நாள் எண்ணுவது நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதியை வைத்து. பின்னர் சில ஆண்டுகளுக்குத் தனி அறிவிப்புகளும் வந்தன, உங்கள் ஆண்டுக்கு உள்ளதைப் பாருங்கள். விலகல் கடிதத்தின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

அதே விதி, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. சேரும் அன்று அசலைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள்.