தனியாக ஒரு நெடும்பயணம்

கேள்வி: ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா திருத்தலத்துக்குத் தனியாக நடந்து செல்ல விரும்புகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: பிரான்சின் எல்லையோரத்திலிருந்து தொடங்கும் புகழ்பெற்ற பாதை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுடையது, தொடக்கத்திலேயே பைரனீஸ் மலையேற்றம் இருப்பதால், சில மாதங்கள் முன்பிருந்தே முழுச் சுமையுடன், அணியப்போகும் அதே காலணியில், அடுத்தடுத்த நாள்களில் நடந்து பழகுங்கள். சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்து வைப்பவைதாம் தோளை அழுத்தும். குதிகாலில் எரிச்சல் தொடங்கியதுமே நின்று, காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அடுத்த ஊர் வரட்டும் என்று தள்ளிப்போடுவது வீண் வீம்பு. யாத்ரீகர் விடுதிகளில் தங்க, வழியெங்கும் முத்திரை பெற்றுக்கொள்ளும் யாத்ரீகர் அட்டை தேவைப்படும். துணையில்லையே என்ற கவலை வேண்டாம். கோடைக்காலத்தில் அந்தப் பாதையில் தனிமை கிடைப்பதுதான் அரிது.