செக் லைட் மின்னுகிறதா? காயில் வாங்கும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான்கு சிலிண்டர். 80,000 கி.மீ. தாண்டிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறுகிறது. ஏற்காடு ஏறும்போது மிஸ்ஸிங் அடித்து, செக் லைட் விட்டுவிட்டு மின்னியது. ஒர்க் ஷாப்பில் நான்கு காயிலையும் மாற்றி, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரும் கிளீன் செய்யவேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: உண்டு. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வர ஹை வோல்டேஜ் தருவதுதான் காயில்; சிலிண்டருக்கு ஒன்று. நான்கு காயிலும் ஒன்றாகப் போவது அபூர்வம். பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க ஒரு ரூபாய்க்குக்கூட பார்ட்ஸ் வாங்கவேண்டாம்.

முதலில் அந்த செக் லைட், அதாவது டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட விளக்கு. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேரலாம். மின்னினால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரம் கட்டுங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செராமிக் உருகிப்போகும். அதை மாற்றும் செலவு காயில் செலவைவிடப் பல மடங்கு. ஆகவே சரியாகும்வரை மலைப்பக்கம் போகவேண்டாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் ஒரு சாதாரண ப்ளூடூத் ஓபிடி அடாப்டரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, செல்போன் ஆப்பில் எரர் கோடு எண்ணைப் படியுங்கள். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால், கடைசி எண்தான் சிலிண்டர் எண். குறுக்கே வைத்த இன்ஜினில் பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம் 1. சில வண்டிகளில் இது மாறும். மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பி0302 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) பிளக் கழற்றினால் மரை போய்விடும். சாவியை எடுத்துவிட்டு, 2, 3 காயில்களின் கப்ளரை (ஒயர் கனெக்டர்) கழற்றி, போல்ட்டை எடுத்து, காயில்களை இடம் மாற்றி மாட்டுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். ஆப்பில் எரர் கோடை அழித்துவிட்டு, சமதளத்தில் ஏசி போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பி0303 என்று மாறி வந்தால் காயில்தான் குற்றவாளி. அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். மறுபடி பி0302 என்றே வந்தால் காயில் நல்லது. அடுத்து அதே மாதிரி பிளக்கை மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எதால் சரியானது என்றே தெரியாது.

உங்கள் வண்டியில் எனக்குச் சந்தேகம் பிளக், காயில் மேல்தான். ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். நலிந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் கைவிடும். ஐடிலிங்கில் மட்டும் உதறி, ரெயிஸ் செய்தால் சரியாகிவிட்டால், ஏர் லீக்கைத் தேடச் சொல்லியிருப்பேன்.

பிளக் கையில் வந்ததும் வெள்ளைப் பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருந்தால், கரண்ட் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியே பாடிக்கு இறங்குகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. காயிலின் ரப்பர் பூட் உள்ளேயும் அதே தடம் பதிந்திருக்கும். அதையும் மாற்றாவிட்டால் புதுப் பிளக்கிலும் கோடு விழுந்துவிடும். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் சீல் கசிகிறது. தண்ணீர் நின்றால், சமீபத்தில் யாராவது பிரஷர் கன்னால் இன்ஜினைக் கழுவினார்களா என்று யோசியுங்கள்.

புதுப் பிளக்கை முதலில் கையாலேயே முழுக்கத் திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூடினாலும் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் சும்மா ஒரு இழுப்பு போதும். ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். ஷாக் அடிக்கும், ஈசியூவுக்கும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஆகாது.

ஒயரையும் தடவிப் பாருங்கள். தெருவில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த இன்ஜெக்டர் ஒயர் சகஜம்.

பி0300 வந்தால் கதை வேறு. ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் மேல் பழி போடமுடியாது. பொதுக் காரணம்தான் தேடவேண்டும். வெடித்த வேக்குவம் ஓஸ், பெட்ரோல் பிரஷர், அல்லது பெட்ரோலே. பெட்ரோல் போட்டதிலிருந்து ஆரம்பித்தது என்றால் டேங்கில் தண்ணீர் இருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுமீறிச் சேர்ந்தால் அது எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும்; பம்ப் அங்கிருந்துதான் இழுக்கும்.

காயில், பிளக் இரண்டும் மாற்றியும் அதே சிலிண்டர் என்றால், ஒர்க் ஷாப் போங்கள். ஆனால் இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு அல்ல. முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுத்து, நான்கு சிலிண்டர் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். நான்கும் சமமாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லலாம்.