கேள்வி – பதில்: அருகில் வந்தால் தெரியும் அழுக்கு

கேள்வி: போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் மளிகைக் கடை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக அதிகாலையில் எழுந்து, வேதம் வாசித்து, ஜெபித்து வருகிறேன். தேவசமுகத்தில் ஆனந்தமும் சமாதானமும் உண்டு என்றுதான் எல்லாரும் சாட்சி சொல்கிறார்கள். எனக்கோ, ஜெபிக்கத் தொடங்கிய பிறகுதான், முன்பு குற்றமாகவே தோன்றாத காரியங்களெல்லாம் உறுத்துகின்றன. கடைப் பையனிடம் பேசிய பேச்சு, தம்பிக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்த கணக்கு என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கிறது. நான் பின்வாங்கிப் போகிறேனா?

பதில்: பின்வாங்கிப் போகிறவருக்கு இப்படி உறுத்தாது, சகோதரரே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் காலையில், புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, மடித்து வைத்திருந்த பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் புறப்பட்டேன். வாசலில் நின்ற என் மனைவி, "சட்டை என்ன இப்படிப் பழுப்பேறிக் கிடக்கிறது?" என்று கேட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை போட்டதும் அதே சட்டைதான். அன்று அது வெள்ளையாகத்தான் இருந்தது, குறைந்தபட்சம் என் கண்ணுக்கு. பக்கத்தில் புது வேட்டி வந்ததும் அதன் நிறம் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் இரண்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருப்பது ஏறக்குறைய இதுதான்.

வேதத்தில் இந்த அனுபவத்தை ஏசாயா 6ஆம் அதிகாரத்தைப் போல் நெருக்கமாகக் காட்டும் பகுதி வேறொன்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை நாம் பெரும்பாலும் ஊழிய அழைப்புக் கூட்டங்களில், "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்ற 8ஆம் வசனத்துக்காகவே எடுக்கிறோம். முதல் வசனத்தில் உள்ள "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" என்ற குறிப்பைத் தேதி என்று எண்ணித் தாண்டிவிடுகிறோம். அது கி.மு. 740ஐ ஒட்டிய ஆண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த ராஜாவின் கதையை 2 நாளாகமம் 26இல் வாசித்துவிட்டு இங்கே வந்தால், அந்தக் குறிப்பு தேதியோடு நிற்பதில்லை. 16 வயதில் பட்டத்துக்கு வந்து 52 ஆண்டுகள் ஆண்ட உசியா, பலப்பட்டபோது மனமேட்டிமை கொண்டு, ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைகிறான். அசரியா என்ற ஆசாரியன் 80 பேரோடு உள்ளே போய் அவனைத் தடுக்கிறான். தூபகலசத்தைக் கையில் பிடித்தபடியே ராஜா கோபப்படுகிறான்; கோபப்படும் அந்த நேரத்திலேயே அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றுகிறது. சாகும்வரை ஆலயத்துக்குப் புறம்பாக்கப்பட்டவனாய் ஒரு தனி வீட்டில் இருக்கிறான்.

அந்த மனிதன் செத்த வருஷத்தில்தான் தீர்க்கதரிசியான ஏசாயா ஆலயத்தை நிறைக்கும் மகிமையைக் காண்கிறார். தூபத்தை அல்ல, வாசல் நிலைகளை அசைக்கும் சத்தத்தையும் ஆலயத்தை நிரப்பும் புகையையும் காண்கிறார். சேராபீன்கள் என்னும் தேவதூதர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று சொல்வதைத் தவிர, யாரும் ஏசாயாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குற்றப்பத்திரிகை எதுவும் வாசிக்கப்படவில்லை. ஆனாலும் அவர், "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்று அலறுகிறார். ஒரு பக்கம் முன்னே திருப்பி 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக் குவிக்கிறவர்களுக்கு ஐயோ, விடியற்காலையிலேயே மதுவைத் தேடுகிறவர்களுக்கு ஐயோ, தீமையை நன்மை என்று சொல்கிறவர்களுக்கு ஐயோ என்று அங்கே ஆறு ஐயோக்கள் இருக்கின்றன. ஆறும் ஊராரைக் குறித்தவை, ஆறும் நியாயமானவை. புத்தகம் இப்போதுள்ள வரிசையில் வாசிக்கிறவருக்கு ஏழாவது ஐயோ பேசினவர்மேலேயே விழுகிறது.

அவர் ஏன் உதடுகளைச் சொன்னார் என்று பலகாலம் யோசித்திருக்கிறேன். கொலை, களவு, விபசாரம் என்று எதையும் அவர் சொல்லவில்லை. லேவியராகமம் 13:45இல் குஷ்டரோகி தன் தாடியை மூடிக்கொண்டு "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்று வாசிக்கிறோம். நம் மொழிபெயர்ப்பில் "தாடி" என்று வந்திருப்பது எபிரெயத்தில் மேலுதட்டுப் பகுதியைக் குறிக்கும் சொல். அங்கே "தீட்டு" என்றும் ஏசாயாவில் "அசுத்த" என்றும் தமிழில் இருவேறாக வந்திருப்பது மூலத்தில் ஒரே சொல். ஆக, செத்துப்போன குஷ்டரோகி ராஜாவின் கூப்பாட்டைத் தீர்க்கதரிசி தன் வாயால் போடுகிறார். அதோடு, உதடுகள்தான் தீர்க்கதரிசியின் தொழிற்கருவி. ஊரிலேயே தன்னுடையவை சுத்தம் என்று அவர் நம்பியிருக்கக்கூடிய இடம் அதுவே. தேவசமுகம் வந்து தொட்ட இடம் அவர் பலவீனமான இடமன்று, திறமையான இடம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பேதுருவுக்கும் இப்படியே நடந்தது. லூக்கா 4ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுரு என்னும் சீமோனின் வீட்டுக்கு வந்து அவன் மாமியின் கடுஞ்சுரத்தைக் குணமாக்குகிறார். கண்ணெதிரே நடந்த அந்த அற்புதத்துக்குப் பிறகும் சீமோன் முழங்காற்படியிட்டதாகச் செய்தி இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் தன் படகில், தன் தொழிலில் இருக்கிறான். இரவெல்லாம் வலை போட்டும் மீன்பாடு இல்லை. விடிந்த பிறகு வலைகளை அலசிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாசரேத்திலிருந்து வந்த ஒரு தச்சர், ஆழத்தில் தள்ளிக்கொண்டுபோய் வலையைப் போடு என்கிறார். "ஐயரே, இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை" என்ற பதிலில் மரியாதை இருக்கிறது, கெனேசரேத் கடலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற தொனியும் எனக்குக் கேட்கிறது. பிறகு இரண்டு படகுகள் அமிழ்ந்துபோகும் அளவுக்கு மீன். அந்த மீன்களின் நடுவே விழுந்து, "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறான். மூன்று வசனங்களுக்குள் "ஐயரே" என்பது "ஆண்டவரே" ஆகிவிட்டது. இயேசு அவனுடைய பாவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே காரியத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவராய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

உங்களுக்கு உறுத்துகிற இரண்டும் கடை சார்ந்தவை என்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இத்தனை ஆண்டுகள் நியாயமாக வியாபாரம் செய்கிறோம் என்று நீங்கள் நம்பியிருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் விழுகிறது. அங்கே இன்னொன்றையும் பாருங்கள். உசியா நெருப்பைத் தன் கையால் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஏசாயாவுக்கோ நெருப்பு அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சேராபீனே குறட்டால் பிடித்து எடுத்த பலிபீடத் தழல் அது. அது அவர் எந்த இடத்தை அறிக்கையிட்டாரோ அந்த உதடுகளையே தொட்டது. தலையிலோ கையிலோ படவில்லை. "உன் அக்கிரமம் நீங்கி, உன் பாவம் நிவிர்த்தியானது" என்ற சொல்லும் கூடவே வந்தது. ஆகவே மொத்தமாக "நான் பெரும்பாவி" என்று ஜெபிப்பதைவிட, பையன் பெயரையும் பேசிய பேச்சையும் சொல்லி ஜெபியுங்கள். தம்பியின் கணக்கு ஜெபத்தோடு தீராது. வரி வசூலிப்பவனான சகேயுவை இயேசு கண்டிக்கவில்லை, "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றுதான் சொன்னார். நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன்தான் கணக்கை எடுத்தான். நாலத்தனை வேண்டாம், அசலையாவது இந்த மாதத்தில் கொடுத்துவிடுங்கள்.

பவுலின் நிருபங்களிலும் இதே போக்கைக் காணலாம். கொரிந்தியருக்கு எழுதும்போது "அப்போஸ்தலரில் சிறியவன்", எபேசியருக்கு எழுதும்போது "பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவன்", தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "பிரதான பாவி". கடைசியிலும் "நான்" என்றே எழுதுகிறார், "நான் அப்படி இருந்தேன்" என்று எழுதவில்லை.

கேள்வி: என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொத்துத் தகராறு காரணமாக நான் பார்க்கப் போகவில்லை. அவர் இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. எத்தனையோ முறை அழுது அறிக்கையிட்டுவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு திருவிருந்திலும் அதே நினைவு வந்து, கைநீட்டி அப்பத்தை வாங்கவிடாமல் தடுக்கிறது. ஆவியானவர் இன்னும் என்னைக் குற்றப்படுத்துகிறாரா? — ஒரு சகோதரி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். பாவத்தை உணர்த்துவது ஆவியானவரின் வேலை என்று யோவான் 16:8 சொல்கிறது. "நம்முடைய சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன்" என்று வெளிப்படுத்தல் 12:10 வேறொருவனைச் சொல்கிறது. இரண்டு குரலும் ஒரே பாவத்தைப் பற்றியே பேசக்கூடும் என்பதால்தான் நமக்குக் குழப்பம். பாவம் எது என்பதை வைத்து அவற்றைப் பிரித்தறிய முடியாது. நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை வைத்தே பிரித்தறிய வேண்டும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நினைத்துப் பாருங்கள். அவன் மனஸ்தாபப்பட்டான், 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டும் சொன்னான். ஒரு அறிக்கைக்கு வேண்டியது எல்லாமே அதில் இருந்தது. சொன்ன இடம்தான் தவறிப்போயிற்று. பிரதான ஆசாரியர் அவனுக்குக் கொடுத்த பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்பது. வேதத்தில் இதைப்போல் குளிர்ந்துபோன வாக்கியம் அதிகம் இல்லை. 9 ஆண்டுகளாக, பந்திக்கு அருகே நீங்கள் வரும்போதெல்லாம் "அது உன்பாடு" என்று சொல்லி வெளியே நிறுத்துகிற குரல், உங்களுக்காக மரித்தவருடைய குரலாக இருக்க முடியாது.

பேதுருவின் காரியத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது பிரதான ஆசாரியனின் முற்றத்தில், ஊழியக்காரர் மூட்டிய கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்புக்குரிய அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது: யோவான் 18:18இல் ஒன்று, 21:9இல் ஒன்று. இரண்டாவது கரிநெருப்பை உயிர்த்தெழுந்தவரே கடற்கரையில் மூட்டி, அதன்மேல் மீனை வைத்திருந்தார். அந்தக் கரிப்புகையின் வாசனை மூக்கில் ஏறினபோது பேதுருவுக்கு எந்த இரவு ஞாபகம் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றுமுறை மறுதலித்தவனிடம் மூன்றுமுறை கேள்வி கேட்கிறார். மூன்றாம் முறை அவனுக்குத் துக்கமாகிறது. காயத்தைத் தொடாமல் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு முன்பே, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று சொல்லி, அப்பத்தையும் மீனையும் தம் கையால் எடுத்துக் கொடுத்திருந்தார். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. பேச்சு முடிந்ததும் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று வேலையும் கொடுத்தார்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில், எல்லா இருதயங்களும் தேவனுக்குத் திறந்திருக்கின்றன, எந்த இரகசியமும் அவருக்கு மறைவானதில்லை என்று தொடங்கும் ஒரு ஜெபம் உண்டு. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் 1549 முதல் இருந்துவரும் பழைய ஜெபம் அது. நாம் மனப்பாடமாக வேகமாய்ச் சொல்லிவிடுகிறோம். எல்லாம் தெரியும் என்று சொன்ன உடனே அது "ஆகவே எங்களைத் தள்ளிவிடும்" என்று போகாமல், "எங்கள் உள்ளங்களைச் சுத்திகரியும்" என்றே கேட்கிறது. அடுத்த திருவிருந்தில் அப்பாவின் நினைவு வந்தால், அதை விரட்டாதீர்கள். அதோடேயே எழுந்துபோய்க் கைநீட்டுங்கள். அதற்கு முன், நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரியிடமோ உங்கள் போதகரிடமோ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. யாக்கோபு 5:16 அதற்காகவே எழுதப்பட்டது. நம் கத்தோலிக்க உறவினர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்பு வார்த்தையை இன்னொரு மனிதரின் வாயிலிருந்து காதால் கேட்கிறார்கள். நாம் அந்த நன்மையைக் கொஞ்சம் அவசரப்பட்டு விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சிலசமயம் தோன்றும். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போகும் அளவுக்கு இது இருந்தால், மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

கேள்வி: எங்கள் சபையில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒரு சகோதரரை எழுப்பி நிறுத்தி, அவருடைய குடும்ப விஷயத்தைச் சபையார் எல்லாருக்கும் முன்பாகச் சொல்லிக் கண்டித்தார். "தேவபிரசன்னம் இறங்கினால் பாவம் ஒளிந்திருக்க முடியாது" என்றார். அந்தச் சகோதரர் இரண்டு மாதமாக ஆலயத்துக்கு வரவில்லை. இது சரியா?

பதில்: சரியில்லை. நான் வீடு சந்திப்புக்குப் போகும்போது, கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே டிவி சத்தம் நின்றுபோவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அது போதகர்முன் வருகிற கூச்சம். அதை நான் பாவ உணர்வு என்று எண்ணி ஏமாந்ததில்லை. கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டவருக்கு வருவதும் அந்தக் கூச்சத்தின் கொடிய வடிவமே.

சமாரியப் பெண்ணிடம் இயேசு ஐந்து புருஷரைப் பற்றிப் பேசினது உண்மை. ஆனால் யோவான் 4:8ஐப் பாருங்கள். அந்த நேரத்தில் சீஷர்கள் போஜனபதார்த்தங்களை வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். கிணற்றடியில் அவரும் அவளும் மட்டும். சீஷர்கள் திரும்பி வந்தபோது அந்தப் பேச்சு முடிந்திருந்தது. அவர் அதை அவர்களிடம் எடுத்துச் சொன்னதாகவும் இல்லை. ஊருக்குள் போய், "நான் செய்த எல்லாவற்றையும் ஒரு மனுஷன் எனக்குச் சொன்னார்" என்று சொன்னது அவளேதான், குடத்தையும் வைத்துவிட்டு ஓடி.

இரண்டு மாதமாக வராத அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சபையிலிருந்து யாராவது போனார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. இந்த வாரம் நீங்கள் போய் வாருங்கள். நடந்ததைக் கிளற வேண்டாம், வேதவசனமும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு காப்பி குடித்துவிட்டு, பிள்ளைகள் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் போதும்.