பந்து யார் கையில் இருக்க வேண்டும்?

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் கூடைப்பந்து டீமில் ஒரு பையன் நன்றாக ஆடுவான். பந்தைக் கொண்டுபோவதும் அவன்தான், போடுவதும் அவன்தான். மேட்சுக்கு 25, 30 பாயிண்ட் எடுக்கிறான், ஆனாலும் தோற்கிறோம். கேட்டால், ‘அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஜேம்ஸ் ஹார்டனும் இப்படித்தானே ஆடினார்’ என்கிறான். பந்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா?

— கொழிஞ்சாம்பாறை வாசகர்

அன்புள்ள தம்பி,

அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஹார்டனைப் பற்றி அவன் சொன்னதில் பாதி சரி. 2016இல் மைக் டி’ஆன்டனி ஹார்டன் ஆடிய ஹூஸ்டன் அணிக்குக் கோச்சாக வந்ததும் அவரைப் பாயிண்ட் கார்டாக்கினார், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவராக. முந்தைய சீசனில் 41 ஆட்டம்தான் ஜெயித்த அணி, அந்த சீசனில் 55 ஜெயித்தது. ஹார்டன் ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடுவதற்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார், லீகிலேயே அதிகம். அதற்குக் காரணம் அவர் கை மட்டுமல்ல. எரிக் கோர்டன், ரையன் ஆண்டர்சன் என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்களை அந்த வருடம்தான் சேர்த்திருந்தார்கள். ஹார்டனை அடைக்க எதிரணியில் இரண்டு பேர் ஓடினால் கோர்டனோ ஆண்டர்சனோ காலியாக நிற்பார், பந்து அங்கே போய்விடும்.

போன ஆடியில் உங்கள் ஊர் ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கு ஆளையே தள்ளியது. உங்கள் பையன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான். இடது கார்னரில் நின்றவன் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தான். பத்து நிமிடம் கழித்து அவனுக்கு முதல் பாஸ் வந்தது. மணிக்கட்டில் பட்டுத் தென்னந்தோப்புக்குள் ஓடியது பந்து. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள், கோர்ட்டில் ‘பிடிக்கடா’ என்று மலையாளத்தில் கத்தினார்கள். அந்தக் கார்னர் பையனை நான் குறை சொல்லமாட்டேன். பந்தே வராது என்று தெரிந்தவன் கையை எதற்குத் தயாராக வைத்திருப்பான்?

கடைசிக் குவார்ட்டரில் உங்கள் பையன் போட்டதெல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பியது. கால் ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஸ்டீபன் கர்ரியைப் போட்டுக் காட்டுங்கள். 2015-16இல் அவருடைய கோல்டன் ஸ்டேட் அணி 73 ஆட்டம் ஜெயித்தது. கர்ரி ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுத்தார், ஆனால் அந்த அணியில் அதிக அசிஸ்ட் டிரேமண்ட் கிரீனுடையது. கர்ரி பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவார், வேறொருவருக்கு ஸ்கிரீன் வைப்பார், அதாவது எதிராளியின் வழியை மறித்து நிற்பார். பந்து கையில் இல்லாதபோதும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே அலைவார்கள். ஹார்டன் 36.1 புள்ளி சராசரி எடுத்த 2018-19 சீசனில் ஹூஸ்டனை இரண்டாம் சுற்றில் வெளியேற்றியதும் இதே அணிதான்.

அதனால் பாதி அட்டாக்கை அவன் நடத்தட்டும். மீதியில் வேறொருவன் பந்தைக் கொண்டுவரட்டும். பாஸ் கொடுத்ததும் இவன் நிற்கக் கூடாது, ரிங்கைப் பார்த்து வெட்டி ஓட வேண்டும். அப்புறம், அடுத்த மேட்சில் பாயிண்டோடு சேர்த்து, ஒவ்வொரு அட்டாக்கிலும் யார் யார் பந்தைத் தொட்டார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்