பால் பார்னு பேர் இருக்கறதை நம்பி உட்காராதீங்க தம்பி

"போலந்துல வ்ரோத்ஸ்வாஃப் வந்து மூணு வாரம் ஆச்சு. யுனிவர்சிட்டி பக்கத்துல 'பார் ம்லெச்னி'ன்னு சின்ன மதியச் சாப்பாட்டுக் கடை இருக்கு. பன்றி, மாடு சாப்பிடமாட்டேன். போலிஷ் சாப்பாடு அங்க சாப்பிட்டுப் பார்க்கலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க. கூடவே வாடகை, ரெசிடென்ஸ் கார்டு, பார்ட் டைம் வேலைன்னு மூணு கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க, நான் சாப்பாட்டுக்கு வர்றேன்.

தாராளமா போங்க. ஆனா பார் ம்லெச்னின்னா பால் பார், அதனால சைவக் கடைன்னு நினைச்சுடாதீங்க. 1896ல வார்சாவில் இந்த மாதிரி முதல் கடை திறந்தப்போ பால், முட்டை, மாவுப் பண்டம்தான் பிரதானம். இன்னைக்கும் இறைச்சி இல்லாத பண்டங்களுக்கு அரசாங்க மானியம் உண்டு. பலகையில 'தானியா யார்ஸ்கியே', அதாவது சைவப் பண்டங்கள்னு தனியா எழுதியிருப்பாங்க, முதல்ல அங்க பாருங்க. மத்தபடி அதே அடுப்படியில பன்றிக் கட்லெட்டும் பொரியும்.

நம்ம ஆளுங்க மாட்டிக்கறது தட்டுல தெரியற கறித்துண்டுல இல்லை. மேல ஊத்தற கொழுப்புலயும் அடியில இருக்கற சாறுலயும்தான். பியெரோகின்னா கொழுக்கட்டை மாதிரி, அதுல பியெரோகி ருஸ்கியேக்கு உள்ள உருளைக்கிழங்கு, த்வாருக்னு புளிப்பான வெள்ளைப் பாலாடைக்கட்டி, வதக்கின வெங்காயம், அவ்வளவுதான். (ருஸ்கியேங்கறது ரஷ்யா மாதிரி கேட்கறதால 2022 உக்ரைன் போருக்கு அப்புறம் நிறைய கடைகள்ல பேரை உக்ரைன் பியெரோகின்னு மாத்திட்டாங்க, பண்டம் அதேதான்.) கொடுக்கும்போது மேல பொன்னிறமா மொறுமொறுன்னு எதையோ தூவுவாங்க. வறுத்த வெங்காயம்னு நினைச்சு ரசிச்சுச் சாப்பிட்டவங்க எத்தனையோ பேர். அது ஸ்க்வார்கி, பன்றிக் கொழுப்பை உருக்கி வறுத்தது. வெங்காயமே வந்தாலும் ஸ்மாலெத்ஸ்ல, அதாவது பன்றி நெய்யில வதக்கியிருக்கலாம். அதனால ரெண்டு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கோங்க: "பெஸ் ஸ்க்வாரெக், போப்ரொஷெ", ஸ்க்வார்கி வேண்டாம், "சி தோ யெஸ்ட் நா ஸ்மால்ட்ஸு?", இது பன்றி நெய்யில செஞ்சதா? "வெண்ணெய் போதும்"னு சொல்ல "ஸ் மஸ்வெம்".

சூப்ல இன்னும் கவனம். பீட்ரூட் பார்ஷ்ச், தக்காளி சூப் ரெண்டும் பார்க்கச் சுத்தமா இருக்கும், அடியில எலும்புச் சாறு இருக்கலாம். 'பெஸ் மியென்சா', அதாவது கறி இல்லாததான்னு கேட்டா கறித்துண்டு இல்லைன்னு மட்டும் அர்த்தம் பண்ணிக்கிட்டு "ஆமா, இல்லை"ம்பாங்க, பொய் இல்லை. "சாறு எதுல?"ங்கறதுக்கு "நா விவாஷெ மியென்ஸ்னிம்?"னு கேட்கணும். க்ரொஹூஃப்கா பட்டாணி சூப், ஃபசோல்கா பீன்ஸ், ரெண்டும் பருப்பு வகைதானேன்னு கைவைக்காதீங்க, புகையில வாட்டின பன்றியோ தொத்திறைச்சியோ இருக்கும். பிகோஸ் (கறி போட்ட புளிப்பு முட்டைக்கோஸ்), கொவொம்ப்கி (கறி அடைச்ச முட்டைக்கோஸ் சுருள்), ஷூரெக் (தொத்திறைச்சி போட்ட புளிப்பு சூப்) மூணையும் மறந்துடுங்க.

பலகையில 1, 3, 7, 9னு எண் போட்டிருக்கறதைப் பார்த்து சிலர் நிம்மதி ஆயிடறாங்க. அது ஐரோப்பிய ஒன்றியத்தோட 14 ஒவ்வாமைப் பொருள் பட்டியல். 1 கோதுமை வகை, 3 முட்டை, 7 பால், 9 செலரி. பன்றியும் மாடும் அந்தப் பட்டியல்லயே கிடையாது. போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டி 'வெஜிடேரியன்'னு காட்டறதாலயும் புண்ணியமில்லை, மீன் சாப்பிடுவீங்கன்னு சிலர் எடுத்துப்பாங்க.

அப்போ என்ன சாப்பிடலாம்? லெனிவெ எடுங்க, த்வாருக் கொழுக்கட்டை மாதிரி, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வரும். நலெஷ்னிகி, த்வாருக் அடைச்ச மெல்லிசு தோசை, அதுவும் இனிப்புதான். காரம் வேணும்னா கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். பிளாட்ஸ்கி உருளைக்கிழங்கு அடை, எந்த எண்ணெய்னு கேட்டுட்டு வாங்குங்க. எனக்குப் பிடிச்ச ஜோடி காஷாவும் மஷ்லன்காவும். காஷா, பக்வீட்ங்கற தானியம் வேகவைச்சது, மஷ்லன்கா, கூட ஒரு டம்ளர் மோர். உப்புல புளிக்கவச்ச வெள்ளரிக்காய் ஒண்ணு தொட்டுக்க. கிஷோனின்னு எழுதியிருக்கறதை எடுங்க, கொன்செர்வோவி வினிகரும் சர்க்கரையும். மூணு வருஷமா குக்கர் சோறும் பார்சல் பிரியாணியும் தின்னுட்டு "போலந்துல சாப்பாடே இல்லை"ங்கறவங்க இதைத் தொட்டுப் பார்த்திருக்கமாட்டாங்க.

முறை ஒண்ணு இருக்கு, தெரியலைன்னா பின்னாடி நிக்கற பாட்டி முறைப்பாங்க. முதல்ல மேசை பிடிக்காதீங்க. வரிசையில நின்னு கல்லாவுல "ஜென் தோப்ரே"ன்னு வணக்கம் சொல்லி ஆர்டர் கொடுத்துக் காசு கட்டணும். கட்லெட்டுக்குத் தனி விலை, உருளைக்கிழங்குக்குத் தனி, சாலட்டுக்குத் தனி, சேர்த்துக் கேட்கலைன்னா வெறும் கட்லெட்தான் வரும். சூப் அரைப் பங்கு வேணும்னா "பூவ் போர்ட்ஸி". பில்லை ஜன்னல்ல கொடுத்துட்டுப் பக்கத்துலயே நில்லுங்க, பண்டத்தோட பேரைத்தான் கத்துவாங்க, உங்க பேரை இல்லை. அதனால பேரைப் பில்லுல பார்த்து உச்சரிச்சு வச்சுக்கோங்க. பகல் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் கூட்டம் சேரும், அதுக்கு மேல போனா பியெரோகி தீர்ந்திருக்கும். சில கடைகள் சனி, ஞாயிறு திறக்கறதே இல்லை, சிலதுல கார்டு எடுக்கமாட்டாங்க, கையில கொஞ்சம் ஸ்வோட்டி, அதாவது போலந்து ரொக்கம் வச்சுக்கோங்க.

முன்னெல்லாம் பலகை முழுக்க போலிஷ்தான், படம் கிடையாது. இப்போ நிறைய இடத்துல ஸ்க்ரீன்ல படத்தோட ஓடுது. ஆனா ஸ்க்வார்கியை அந்தப் படத்துலயும் வெங்காயம் மாதிரிதான் எடுத்திருப்பாங்க. சாப்பிட்டு முடிச்சதும் ட்ரேயை நீங்களே 'ஸ்வ்ரோத் நாச்சின்', அதாவது பாத்திரம் திருப்பித் தர்ற இடம்னு எழுதின ஜன்னல்ல வையுங்க, கொம்பொத்ங்கற பழச்சாறு குடிச்ச டம்ளரையும் சேர்த்து.